தையல்காரம்மாவும் லாரிக்காரரும்

வீடு மாறிய அன்று தையல்காரம்மாவின் மெஷின் பீரோவுக்கு அடியில் நசுங்கி, உடைந்து வந்து இறங்கியது. "பெட்டி மேல ஒண்ணும் எழுதலையேம்மா, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்துவிட்டு லாரிக்காரர் கிளம்பிவிட்டார். மெஷின் போனதைவிட அந்தச் சிரிப்புதான் அந்த அம்மாவைச் சுட்டது.

அந்த வட்டாரத்தில் லாரி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் தெருவில் யார் வீடு மாறினாலும் தையல்காரம்மா கூப்பிடாமலே போய் நின்றார். உடையும் சாமான் உள்ள பெட்டிகளில் நாலு பக்கமும் எழுத வைத்தார். ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, லாரிக்காரரிடம் கையெழுத்தும் வாங்க வைத்தார். ஒரு தட்டு விரிசல் விட்டாலும் லாரிக்காரர் புதுசு வாங்கித் தர வேண்டியதாயிற்று.

ஐந்து வருடம் தாங்கிய லாரிக்காரர் கடைசியில் அந்த அம்மாவின் வாசலுக்கே வந்தார்.

"போதும்மா, விட்டுடுங்க. உங்க தெருன்னாலே என் ஆளுங்க வர மாட்டேங்கிறாங்க."

"அன்னைக்கு ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருந்தா, அழுதுட்டு மறந்திருப்பேன்."

"இப்ப கேக்கறேம்மா."

"இப்ப எனக்கு வேணாம். நாளைக்கு எதிர்வீட்டுக்காரங்க காலி பண்றாங்க, நேரத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் தையல்காரம்மா.