இலைக்குள் இருந்த புழு

வீட்டில் எனக்கு அதிகப்பிரசங்கி என்று பெயர். அந்தப் பெயருக்கு நான் முழுத் தகுதி பெற்றது ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

அப்பாவுக்கு ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை. மருந்துத் தண்ணீரில் தோல் புரளும் டிரம்மைத் திறந்து, ஈரத் தோலை வெளியே இழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வாசல் எலுமிச்சை மரத்தடியில்தான் கை கால் கழுவுவார். அம்மா தன் பிறந்த ஊரான நெமிலியிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்ட மரம் அது. அந்த வருஷம் அப்பாவுக்கு இருமல் ஜாஸ்தி. வேலையை விடச் சொல்லி அம்மா கெஞ்சியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மரத்தின் கொழுந்தெல்லாம் சுருண்டு, வெள்ளை வெள்ளையாகக் கோணல்மாணல் கோடு விழுந்தது. அம்மா ஒரு கிளையையே ஒடித்து அப்பாவின் முன்னால் போட்டாள்.

“கால் கழுவுற தண்ணிக்கே மரம் இப்டி ஆய்டுச்சி. நாள் பூரா அதுலயே நிக்கிற உடம்பு இன்னாத்துக்கு ஆவும்?”

அப்பா இலையைப் பார்த்தார். தம் உள்ளங்கையைப் பார்த்தார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை வேலைவிட்டு வந்தவர், “திங்கக்கிழம சொல்லிட்டு நின்னுக்கிறேன். ஷூ கம்பெனி பேக்கிங்குக்கே போறேன்” என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மரத்தடியில் இருந்தேன். ஓர் இலையில் கோடு முடியும் இடத்தில் ஏதோ நெளிந்தது. ஊக்கால் கீறினேன். மஞ்சளாக, அரிசி நொய் அளவுக்கு ஒரு புழு! எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஓடினேன்.

“அப்பா! தண்ணி இல்லப்பா, புழு! இலைக்குள்ள பூந்து துன்னுது!”

அப்பா செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார். இன்னோர் இலையைக் கீறினார், அதிலும் புழு. “அட, பூச்சிதானா! இன்னாமோ ஏதோன்னு பயந்துட்டேன்” என்று இருமிக்கொண்டே சிரித்து என்னைத் தூக்கிச் சுற்றினார். திங்கட்கிழமை வழக்கம்போல டிபன் டப்பாவோடு டேனரிக்கே போனார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் தலை பின்னிவிடவும் இல்லை. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு ஒரு பாராட்டு கிடையாதா என்று நான் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் பிளஸ் டூ படிக்கையில் அப்பா அந்த இருமலிலேயே போய்விட்டார். காரியத்துக்கு நெமிலியிலிருந்து வந்த மாமா, மரத்தடியில் நின்று ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தார்.

“இங்கயும் இந்தப் பூச்சிதானா? சின்ன வயசுல எங்க தோட்டத்துல இத கிள்ளிப் போடறதுதான் உங்கம்மா வேல. இன்ன பூச்சின்னு கண்ண மூடிக்கினே சொல்லுவா.”

அந்தச் சனிக்கிழமை என் வாயை யாராவது பொத்தியிருக்கக் கூடாதா!