அத்தான் திருத்தின ஜீப்

தலைமன்னாருக்குப் போகிற ரோட்டிலிருந்து பார்த்தால் என் வீட்டு முற்றம் தெரியும். அங்கே பச்சை நிறத்தில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வாகனத்தை நிறுத்தி இறங்கி, அதைச் சுற்றிப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். இப்படி ஒன்றை இப்போது காணக் கிடைக்காது, யார் திருத்தியது என்று கேட்பார்கள். என் அத்தான் என்பேன். அவருடைய கராஜ் எங்கே என்பார்கள். அவர் இப்போது இந்தியாவில் என்பேன். அதற்கு மேலும் கேட்டால் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவன் போல உள்ளே எழுந்து போய்விடுவேன். கந்தோரில் ஒரு கூட்டம் என்றால் வாய் மூடாமல் கதைக்கிறவன் நான். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குக் கதை வருவதில்லை.

ஜீப் அப்பாவுடையது. முசலிப் பக்கத்துக் கரைகளில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, மன்னார்ச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றவர் அவர். லொறி புதைகிற மணலில் நாலு சில்லும் இழுக்கிற வாகனம் வேண்டுமென்று, ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் கழித்துவிட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்தார். அதை ஓட்ட வந்தவர்தான் அத்தான். ஜீப் ஓட்ட வந்தவன் என் பெட்டையையும் ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தான், நான்தான் மறித்து வீட்டோடு வைத்துக்கொண்டேன் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அம்மா நான் பிறந்த கையோடு இறந்துபோனாள். என்னை வளர்த்தது அக்கா. கலியாணம் முடித்த பிறகும் எனக்குச் சோறு குழைத்துத் தந்தது அவள் கைதான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் வெறும் கொடுமைக்காரனாகத்தான் தெரிவேன். சொன்னாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சண்டை மூண்டு சனம் இந்தியாவுக்குப் படகேறத் தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்குக் கைக்குழந்தை. ஒரு நாள் காலை நான் எழும்பியபோது அக்காவின் பாய் சுருட்டியபடி சுவரோடு கிடந்தது. விடியப்புறம் படகு வந்ததாம். அப்பாவே ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய்க் கரையில் விட்டாராம். என்னை எழுப்பினால் அழுது ஊரைக் கூட்டிவிடுவேன் என்று எழுப்பவில்லையாம். திரும்பி வரும்போது அப்பா நடந்து வந்தார். ஜீப் எங்கே என்று கேட்டேன். படகைத் தள்ளுகிற நேரம் சாவி கடலுக்குள் விழுந்துபோச்சு என்றார். மத்தியானம் போல ஒரு துண்டு வயரும் வீட்டு வாசல் மணியின் சுவிட்சும் கொண்டுபோய், அதை ஸ்ரியரிங்குக்குக் கீழே பொருத்தி, ஜீப்பை எடுத்துவந்தார். அன்றிலிருந்து எங்கள் ஜீப்புக்குச் சாவி கிடையாது. மணியை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். அக்காவையும் கொண்டுபோய், போகிற போக்கில் சாவியையும் தொலைத்துவிட்டுப் போனார் என்று அத்தான் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பிறகு அப்பாவும் நானும் மன்னார்த் தீவைவிட்டு மடுப் பக்கம் போனோம். பெற்றோலைக் கண்ணால் காணாத வருசங்கள் அவை. ஒரு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை உயிர்போல வைத்திருப்போம். பொனற்றைத் திறந்து காபரேற்றருக்குள் நாலே நாலு துளி விட்டு, மணியை அழுத்தினால் எஞ்சின் பிடிக்கும். பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடும். கண்ணை எரிக்கிற வெள்ளைப் புகை வரும். நாங்கள் வருவதைச் சனம் முதலில் மூக்கால் அறிந்துகொள்ளும். அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றியபோது அந்த ஜீப்பின் பின்பக்கத்தில் பாய் விரித்துக் கிடத்தி நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்ததும் அதில்தான். பிள்ளைகள் என்று பெட்டிக்குப் பின்னால் நடந்தது நான் ஒருவன். அக்காவுக்குப் போட்ட கடிதம் தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போய்ச் சேரப் பல மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு ஜீப்பும் ஓடவில்லை. மடு ரோட்டில் வயல் செய்கிற ஒரு கமக்காரரின் வளவுக்குள் தள்ளி விட்டுவிட்டு நான் மன்னாருக்கு வந்துவிட்டேன்.

சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, சனம் தங்கள் தங்கள் காணிகளைத் தேடிப் போன காலத்தில் அக்காவும் அத்தானும் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். மகளை அங்கேயே கட்டிக்கொடுத்துவிட்டு இரண்டு பேர் மட்டும் வந்தார்கள். அக்காவின் தலை நரைத்திருந்தது. அத்தான் இருபது வருசம் பெயின்ற் அடித்தும், ஒரு பட்டறையில் வாகனம் திருத்தியும் பிழைத்தவர். என் வீட்டில் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தேன். சில நாட்களில் பின்னேரம் ஆறு மணி ஆனதும் கையைக் கழுவி, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்பார். முகாமில் தலை எண்ணுகிற நேரமாம். இங்கே உங்களை ஒருத்தரும் எண்ண மாட்டார்கள் அத்தான் என்று பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். அப்போது அது எனக்கு வெறும் பகிடிதான்.

ஜீப்பைத் திருத்துவோம் என்று தொடங்கியது நான். போய்ப் பார்த்தபோது அது அப்படியே நின்றது. ஓடாத வாகனத்தைச் சண்டை பிடித்த எந்தப் பக்கத்து ஆட்களும் தொடவில்லை. உடம்பு அலுமினியம் என்றபடியால் தப்பியிருந்தது. கீழே இரும்புச் சட்டம் கறள் பிடித்து உதிர்ந்தது. தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு மரம் உள்ளே வளர்ந்திருந்தது. பின்பக்கம் முழுக்கக் கோழிகள். கமக்காரர் எடுத்துக்கொண்டு போங்கோ என்று சொல்லிவிட்டார், ஆனால் முட்டையிடுகிற கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தான் அன்றைக்கு முழுவதும் அங்கே நின்று, தடி வெட்டி, கம்பி கட்டி, ஒரு புதுக் கூடு அடித்துக் கொடுத்தார். கோழிகள் மாறின பிறகுதான் ஜீப்பை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை ஒரு வருசத்துக்கு மேல் போனது. வவுனியாவுக்கும் அநுராதபுரத்துக்கும் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் சாமான் தேடுவது என் வேலை. சட்டத்தை வெட்டி ஒட்டுவது, கியர்ப் பெட்டியைப் பிரிப்பது, மற்றதெல்லாம் அத்தான். அக்கா கன்வஸ் துணி எடுத்து, ஊசி உடைய உடைய, மேல் கூடாரத்தைத் தைத்துத் தந்தாள். பெயின்ற் அடித்த அன்றைக்கு, காயும்வரை கழுதையை அண்ட விடாதே என்று என்னைக் காவலுக்கு வைத்தார்கள். மன்னாரில் தெருவெல்லாம் கழுதைதான், கேட்டுக்கொண்டா வரும்? நான் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் ஒன்று வந்து கதவில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போய்விட்டது. பஸ் நிலையத்தடியில் ஒரு மாதமாகப் பச்சைக் கோட்டோடு ஒரு கழுதை திரிந்தது. அத்தான் மறுபடி தேய்த்து மறுபடி அடித்தார். அந்த வருசம் எங்கள் வீட்டில் நிறையச் சிரிப்பு இருந்தது.

ஒரு நாள்தான் முகம் மாறியது. எஞ்சினைப் பிரித்து உள்ளே கிடந்த கரியைச் சுரண்டிக்கொண்டு, ஆர் இதுக்கு மண்ணெண்ணெய் பருக்கினது, நல்ல எஞ்சினைக் கொன்றுவிட்டார்களே என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். அவர் எஞ்சினைத்தான் சொன்னார். எனக்கு அப்பாவைச் சொன்னதுபோல இருந்தது. இங்கே இருந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும் என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து சுரண்டத் தொடங்கினார். நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கடைசியாக அந்த மணிச் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய பூட்டை எண்ணெய் போட்டு இளக்கினார். எங்களைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். ஒரு சாவியைப் போட்டுத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். சாவி எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். இருந்தது என்றார். ஏதோ இரும்புக் கடையில் கிண்டி எடுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு மடு மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். அதன் பிறகு அந்தச் சாவியை ஒரு கறுத்த நூலில் சேர்ட்டுக்கு மேலால் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாருடைய ஜீப்புக்கு யார் கழுத்தில் சாவி என்று எனக்குள் ஒன்று முணுமுணுத்தது. சின்னப் புத்தி. வேறு பெயர் அதற்கில்லை.

அடுத்த கிழமை கந்தோரால் வந்தபோது, ஜீப்பின் பின்பக்கத்தில் அத்தான் மரச் சட்டங்கள் பூட்டிக்கொண்டிருந்தார். அளவெடுத்து, சீவி, பெயின்றில் உரசாமல் அடியில் ரப்பர் வைத்து அருமையாகச் செய்திருந்தார். உதென்ன என்று கேட்டேன்.

“மீன் பெட்டி வைக்கத்தான் தம்பி. சிலாவத்துறையில ஆக்களோட கதைச்சுப்போட்டன். கிழமைக்கு நாலு நாள் ஓடினால் காணும். உனக்குப் பாரமில்லாமல் நானும் அக்காவும் இஞ்சயே இருந்திடலாம்.”

அந்த மனுசன் ஒரு வருசமாக எதற்காக உழைத்தார் என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் தங்குவதற்கு அவரிடம் இருந்த ஒரே வழி அதுதான். விளங்கியும் சொன்னேன்.

“அப்பாவைக் கிடத்தின இடம் அது. அதில மீன் ஏத்த விடமாட்டன். அவரைப் புதைக்கேக்க உங்களைக் காணேல்லை, ஓடிட்டியள். இப்ப ஜீப்புக்கு வந்து நிக்கிறியள். சாவியைத் தாங்கோ.”

அக்கா குசினி வாசலில் நின்றாள். அத்தான் சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்து, இரண்டு நாளில் சமாதானமாகியிருப்போம். எங்கள் வீட்டுச் சண்டைகள் அப்படித்தான். அவர் நூலைத் தலைக்கு மேலால் கழற்றினார்.

“ஓம் தம்பி. உன்ர ஜீப்தானே.”

அன்று மாலையே சட்டங்களைக் கழற்றி, ஆணித் துளைகளை அடைத்து, மேலே பச்சை தடவினார். எங்கே துளை இருந்ததென்று இன்றைக்கும் கண்டுபிடிக்க முடியாது. நான் அந்தச் சாவியை எடுத்துப் பார்த்தேன். நூல் வியர்வையும் எண்ணெயும் ஊறி நாறியது. கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பசாரில் வாங்கிய ஒரு பளபளத்த வளையத்தில் சாவியைக் கோர்த்தேன்.

இரண்டு மாதத்தில் அவர்கள் திரும்பிப் போனார்கள். மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று அக்கா காரணம் சொன்னாள். பிறகு பேரப்பிள்ளையின் பெயர் சொல்லி இன்னும் கொஞ்ச நாள் என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். கிழமைக்கு ஒரு தரம் போன் எடுப்பாள். கறிக்குப் புளி கூடிப்போச்சு என்பதுபோல ஊர்ப்பட்ட கதையெல்லாம் கதைப்போம். அந்த ஒன்றை மட்டும் கதைப்பதில்லை.

போன தவக்காலத்தில் ஒரு நாள், அப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்த கதையின் நடுவில், அப்பா தந்த சாவி பத்திரமோ என்று கேட்டாள். எந்தச் சாவி என்றேன். அத்தான் உனக்குச் சொல்லவில்லையா என்றாள். அன்றைக்குக் கரையில் அத்தான் படகேற மறுத்து நின்றாராம். மாமாவையும் சின்னப் பெடியனையும் விட்டுவிட்டுப் போகமாட்டேன், இவளையும் குழந்தையையும் அனுப்புங்கோ, நான் நிற்கிறேன் என்று மணலில் குந்திவிட்டாராம். இளம் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம், நின்றால் இவரைப் பிடித்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். ஜீப்பிலிருந்து சாவியைப் பிடுங்கி, அக்காவின் தலைமுடியில் கட்டியிருந்த கறுத்த நூலை அவிழ்த்து அதில் கோர்த்து, அத்தானின் கழுத்தில் போட்டாராம்.

“இது உம்மட கழுத்தில கிடக்கட்டும். வந்து நீர்தான் ஓட்டவேணும். இப்ப ஏறும்.”

இருபது வருசம் அவர் அதைக் கழற்றவில்லையாம். முகாமில் சோதனை வந்தால், வேதக்காரர் கழுத்தில் போடுகிற மாதா உத்தரியம் என்று சொல்லித் தப்புவாராம். சாவி கடலில் விழுந்ததென்று அப்பா எனக்குச் சொன்னதைச் சொன்னேன். அத்தானிடம் கொடுத்ததென்றால் நானும் அவரோடு போகவேணும் என்று நீ அழுவாய் என்று பயந்திருப்பார் என்றாள் அக்கா. நூலை நான் வெட்டினதை அவளுக்குச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தானுக்குப் போன் எடுத்தேன். வந்து ஓட்டுங்கோ அத்தான், மீன் ஏத்துங்கோ, என்னத்தையும் ஏத்துங்கோ என்று சொன்னேன். குரல் உடைந்து அரைவாசியும் விளங்கியிருக்காது. அவர் சிரித்தார். இனி எங்கே தம்பி, கண்ணில் பூ விழுந்துவிட்டது, ரோட்டே தெரியாது என்றார். பிறகு மெல்ல, கிழமைக்கு ஒருக்காலாவது ஸ்டார்ட் பண்ணி விடு, உப்புக் காற்றுக்கு இறுகிப்போகும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து நான் அதில் ஏறி இருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்புகிறேன். ஒரு நாளாவது பிடிக்காமல் அடம்பிடித்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே திருப்பில் பிடிக்கிறது.