கிட்டாருக்கு ஒரு சூடு

ஐம்பத்தேழு, இங்கே சுதந்திரம் கிடைத்த வருஷம் அது. காஜா பேராங் வட்டாரத்தில் ஒரு வீட்டில் கிட்டார் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போனேன். ஒல்லியான மனிதர்; வாயில் எப்போதும் சுருட்டு.

கிட்டாரைத் துப்பாக்கிபோல் கண்ணுக்கு நேரே பிடித்து, கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். பின்பலகையைத் தட்டிக் கேட்டார். ஒவ்வொரு கம்பியையும் மேலிருந்து கீழ்வரை அழுத்தி மீட்டினார். அரை மணி நேரத்தில் முகம் வெளிறிவிட்டது.

“ஒரு குறைகூட இல்ல, கிராணியாரே.”

“நல்லதுதானே அண்ணே?”

“என்னா நல்லது? கண்ணு பட்டா ஒரே நாள்ல பலகை வெடிச்சிரும்லா!”

சொல்லிக்கொண்டே சுருட்டின் நெருப்பை வழவழப்பான முன்பலகையில் வைத்து அழுத்தினார். வார்னிஷ் புகைந்தது. நான் இன்னும் காசே கொடுக்கவில்லை. கிட்டாரின் சொந்தக்காரர் திறந்த வாயை மூடவில்லை.

“இப்ப எடுத்துட்டுப் போங்க” என்றார் சுருட்டுக்காரர், நிம்மதியாக.

வேறு வழி? வாங்கினேன். அன்று அவரை எப்படி அறையாமல் விட்டேன் என்று இன்னும் புரியவில்லை. பலகை இதுவரை வெடிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற எவருடைய கண்ணும் முதலில் அந்தக் கரும்புள்ளியில்தான் போய் விழுகிறது.