மஞ்சள் நீராடிய பல்லிவால்

பல்லி ஆய்வாளருக்கு முழுப் பல்லி தேவையில்லை, வால்நுனி போதும்.

மேலே வாசிக்குமுன் நீங்கள் அறியவேண்டியவை மூன்று. முதலாவது, சில பல்லியினங்களில் ஆணே கிடையாது. தாய் தனித்தே முட்டையிடும். பொரிக்கும் ஒவ்வொரு குஞ்சும் மரபணுவில் தாயின் பிரதி. இரண்டாவது, அவற்றையும் சாதாரண வீட்டுப்பல்லியின் இளையவற்றையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆகவே வால்நுனியை நறுக்கி எடுத்து, பல்லியை விட்டுவிட்டு, நுனியிலுள்ள மரபணுக் குறிகளை ஒப்பிடுகிறோம். மூன்றாவது, வன்னியில் இரண்டு ஆண்டுகளாக நான் சேகரித்த சிறு பல்லிகள் ஆணற்ற இனம் என்பதே என் ஆய்வேட்டின் முடிவு. அவ்வினத்தில் ஒரேயோர் ஆண் அகப்பட்டாலும் அம்முடிவு வீழ்ந்துவிடும். சுவர்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்த சகபாடிகளுக்கு இந்த அச்சத்தை விளக்கத் தேவையில்லை.

குசினிச் சுவர்

கனகராயன்குளத்தில் ஒரு வீட்டுக் குசினியில் பல்லி பிடிக்க அனுமதி கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். வீட்டுக்கார அம்மா அகப்பையை வைத்துவிட்டு, விறாந்தைக் கதிரையில் இருந்த கணவரை அழைத்தார்: "இஞ்சாருங்கோ, கேட்டியளே? ஆம்பிளை இல்லாமலும் குடும்பம் நடக்குமாம்!"

அவர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. மூன்று வால்நுனிகளைக் குப்பிகளில் இட்டு, இலக்கமிட்டு, நான் விடைபெறும்போதுதான் வாய் திறந்தார்: "அதுகள் தின்னுற பூச்சி வாற லைற்றைப் பூட்டினது நான்தான் மிஸ். அதையும் எழுதிக்கொள்ளுங்கோ."

போத்தலில் ஓர் ஆண்

மல்லாவியில் நெல் விதைக்கும் சிவபாக்கியம் அம்மாவின் வீட்டில் முன்னரே எட்டு மாதிரிகள் எடுத்திருந்தேன். அத்தனையும் பெண். ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார்: "மிஸ், ஆம்பிளை இல்லை எண்டு சொன்னனீங்கள். இஞ்ச ஒருத்தர் போத்தலுக்குள்ள இருக்கிறார், வந்து பாருங்கோ."

போனேன். ஜாம் போத்தலுக்குள் இருந்த பல்லி அளவிலும் நிறத்திலும் என் பல்லிகளைப் போலவே இருந்தது. கண்ணாடியோடு ஒட்டியிருந்த அதன் தொடையில் ஆணுக்குரிய துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நான் உருப்பெருக்கு வில்லையை எடுக்கக் குனிந்த கணத்தில், "வடிவாப் பாருங்கோ" என்று அம்மா மூடியைத் திறக்க, பல்லி பாய்ந்து கூரைக்குள் மறைந்தது.

எஞ்சியது வால் மட்டுமே. பிடிக்கும்போதே அது கழன்றுவிட்டதாம். எனக்காக ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார்.

"நல்லாக் கழுவித்தான் வைச்சிருக்கிறன் மிஸ். அரியண்டம் பாராமல் பிடியுங்கோ."

பேருந்தில்

குளிர்ப்பெட்டியை மடியில் வைத்திருந்தேன். உள்ளே என்ன என்று நடத்துநர் கேட்டார். பல்லிவால் என்றேன். பின்னிருக்கைப் பெண் எழுந்து வேறிடம் போனார். நடத்துநர் மிகப் பொறுப்போடு சொன்னார்: "வாலுக்கு ரிக்கற் வேண்டாம். உடம்பு ஏறினால் சொல்லுங்கோ."

வெற்றிடம்

ஆய்வுகூடத்தில் எல்லா மாதிரிகளையும் மரபணுத் துண்டுகளைப் பெருக்கும் கருவியில் இட்டு, பெருகியவற்றைக் கூழ்த்தகட்டில் ஓடவிட்டோம். மற்ற மாதிரிகள் எல்லாம் தெளிவான பட்டைகளைக் காட்டின. மல்லாவி வாலின் இடம் வெறுமையாக இருந்தது. மறுமுறையும் வெறுமை. அது யார் என்று தெரியாதவரை என் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவும் முடியாது, கைவிடவும் முடியாது.

ஆய்வுகூட உதவியாளர் தயாபரன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, கரைசல் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். உடனே மல்லாவிக்கு அழைத்தேன். அம்மா வியப்போடு கேட்டார்: "பல்லி பட்ட கிண்ணத்தை மஞ்சள் தண்ணி விடாமல் வைக்கிறதே, மிஸ்? வாலையும் அதிலதான் ஊற விட்டனான்."

மஞ்சளின் சத்து அந்தப் பெருக்கத்தைத் தடுக்கும் என்பதை நான் நன்கு அறிவேன். எதைக்கொண்டு கழுவினார் என்று கேளாதது என் பிழை. தயாபரன் அதை மென்மையாகவே எடுத்துக்கொண்டார்: "பரவாயில்லை அக்கா. பல்லிக்கு ஆரும் மஞ்சள் தண்ணி வார்த்துச் சாமத்தியச் சடங்கு செய்யிறதில்லை; இவருக்கு அந்தக் குறையும் தீர்ந்துது."

வந்து தங்கினவர்

எஞ்சிய துண்டைப் பலமுறை அலசி, கரைசலை நீர்க்கச் செய்து மூன்றாம் முறை இட்டோம். பட்டை எழுந்தது. குறிகளை வரிசையாக ஒப்பிட்டேன். ஒன்றுகூட என் பல்லிகளுடையவற்றோடு ஒத்துவரவில்லை. எல்லாம் சாதாரண வீட்டுப்பல்லியின் குறிகளோடு ஒத்தன; அது அந்த இனத்து ஆண்.

செய்தியைச் சிவபாக்கியம் அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "அப்ப அவர் இந்த வீட்டுக்காரரில்லை, சும்மா வந்து தங்கினவர் எண்டுறியள்?"

பின்னர் உறுதியானவை இவை. கனகராயன்குளத்துக் குசினிப் பல்லிகளும் மல்லாவியின் எட்டும் ஒரே தாயின் பிரதிகள்போல எல்லாக் குறிகளிலும் ஒத்திருந்தன. ஆய்வேடு ஏற்கப்பட்டது. அதன் நன்றியுரையில் ஒரு மின்விளக்குக்கும் இடமுண்டு. என் மாதிரிப் படிவத்தில் 'எதைக்கொண்டு கழுவப்பட்டது' என்றொரு புதிய நிரல் சேர்ந்துள்ளது. ஆணில்லாமல் நடக்கும் ஒரு குடும்பத்தை நிறுவுவதற்கு, கடைசியில் ஓர் ஆணின் வால்தான் எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.