கப்பல் நின்றிருந்த மாதங்கள்

சுனாமி வந்துபோய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மாதம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரின் மேட்டுப்பாளையத்தில் தோல் பை தைக்கும் கம்பெனி ஒன்றில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்பவர். ஒப்பந்தம் முடிந்து அவர் வீட்டுக்கு வர ஆறு வாரம்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மும்பையில் இருக்கும் அவருடைய கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் அடித்த சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை.

"கப்பலக் கடத்திட்டாங்கம்மா" என்றது ஓர் ஆண் குரல்.

எனக்கு அது 'கடந்துட்டாங்க' என்று கேட்டது. ஏதோ கால்வாயைக் கடந்துவிட்டார்கள் போலிருக்கிறது, அதைக்கூடக் கூப்பிட்டுச் சொல்கிறார்களே என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன். பிறகு அவர் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னார். சோமாலியா. கொள்ளைக்காரங்க. எல்லாரும் உயிரோட இருக்காங்க.

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்து நான் பாட்டுக்குத் தைத்தேன். சாயந்தரம் சூப்பர்வைசர் அக்கா வந்து பார்த்தபோது ஏழெட்டுப் பைகளை வாயே இல்லாமல் நாலு பக்கமும் தைத்து அடுக்கியிருந்தேன்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரி இருக்கிறது. கப்பல் கம்பெனியிலிருந்து, "பேச்சு நடக்குதும்மா" என்பார்கள். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது ரோடு அலை மாதிரி மெல்ல ஏறி இறங்கும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் தரையில் மத்தியானம் படுத்தால், துணி காயும் கொடியோடும் எதிர்வீட்டுச் சுவரோடும் தெருவே எங்கேயோ நகர்ந்து போவது போலத் தோன்றும். கண்ணைத் திறந்தால் அங்கேயேதான் இருக்கும். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாது.

இதில் பெரிய கஷ்டம், அவர் இருந்த இடத்தை என்னால் மனசில் பார்க்கவே முடியாததுதான். டிவியில் காட்டியது நீலமாக ஒரு வரைபடம். அதில் ஒரு புள்ளி.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்; கூப்பிடுவது 'மிசியே' என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர் என் வாசலில் நின்றார்.

"ஜிபுத்தியில நான் ரெண்டு வருஷம் இருந்தேம்மா. சோமாலியாவுக்குப் பக்கத்து ஊரு" என்றார்.

"அந்தக் கடல் எப்படி இருக்கும் மிசியே?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நம்ம கடல் மாதிரி சத்தம் போடாது. சும்மா படுத்துக் கெடக்கும். கரையில மரமே இருக்காது, வெள்ளாடுங்க நிக்கும். மதியத்துல மலையெல்லாம் ஊதாவாத் தெரியும். டீல சக்கரையக் கொட்டுவாங்க."

"அவங்க பாஷை தெரியுமா?"

"ஒரே ஒரு வார்த்தைதான். நபத். பாக்குறவங்க கிட்டல்லாம் அதைச் சொல்லுவோம். சமாதானம்னு அர்த்தம்."

அன்றைக்கு மத்தியானம் படுத்தபோது முதல்முறையாக என் கணவரை மனசில் பார்த்தேன். ஊதா மலை, வெள்ளாடுகள், அசையாத தண்ணீரில் கப்பல், அதன் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி அவர். பயமாக இல்லை. பக்கத்தில் போய் நிற்கலாம் போல இருந்தது.

சில வாரங்களுக்கு ஒருமுறை கொள்ளைக்காரர்களே கப்பலில் இருந்தவர்களை வீட்டுக்குப் பேசவைப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் பதறிப்போய் கம்பெனியை நெருக்க வேண்டும் என்பதற்காக. மூன்றாவது முறை என் கணவர் பேசியபோது குரல் அடையாளமே தெரியவில்லை.

"கம்பெனிக்காரங்க கிட்டப் போய்ச் சொல்லு. குடிக்கத் தண்ணி இல்லன்னு சொல்லு. எங்களக் கொன்னுடுவாங்கன்னு சொல்லு."

"ஏங்க, சாப்டீங்களா?" என்றுதான் கேட்க வந்தது.

ஏதோ விழும் சத்தம். அவர் கத்தியது தூரத்தில் கேட்டது. பிறகு வேறொரு ஆள் போனை வாங்கி இங்கிலீஷில் சத்தம் போட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதில் சொல்ல என்னிடம் பாஷையும் இல்லை. வாயில் என்ன இருந்ததோ அது வந்தது.

"நபத்" என்றேன்.

அவன் நிறுத்தினான். நான் மறுபடியும் சொன்னேன். "நபத்."

"நபத்" என்றான் அவன், மெதுவாக. யாரோ வாசலில் வந்து நின்றால் சொல்வது போல. பிறகு என் கணவரின் குரல் வந்தது.

"நீ என்னடி சொன்ன அவங்கிட்ட?"

"ஒண்ணும் இல்லங்க. நீங்க பேசுங்க."

"பேசச் சொல்லிட்டு அந்தப் பக்கம் போய்ட்டான்."

எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியாது. பெரும்பாலும் வீட்டு விஷயம்தான். குழாயில் தண்ணீர் சரியாக வருகிறதா என்று கேட்டார். டீ பாயசம் மாதிரி இருக்கிறது என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

அதனால் அந்த ஆள் நல்லவனாகிவிடவில்லை. மறுவாரமே கப்பலின் சமையல்காரரை அவன்தான் அடித்தானாம். ஆனால் என் கணவரைப் பார்க்கும்போதெல்லாம் "நபத்" என்று சொல்லிவிட்டுப் போவானாம். அதைக் கேட்டுக் கேட்டே தினமும் ஒரு நாளைத் தள்ளியதாக இவர் பிறகு சொன்னார்.

பேச்சு முடிந்து, வைகாசியில் கப்பலை விட்டார்கள். சென்னை ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தாடியோடு ஒருவர் வந்தார். நான் அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏய், இங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்குத் தூக்கமே வரவில்லை. அங்கே எண்ணெயை மிச்சம் பிடிக்க இன்ஜினையும் ஜெனரேட்டரையும் நிறுத்தி வைத்திருந்தார்களாம். இருபது வருஷமாகக் கேட்ட சத்தம் நின்றுபோனதுதான் துப்பாக்கியைவிடப் பயம் என்றார். வீடு அமைதியாக இருந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் காலையில் மிளகாய் அரைத்து வரப் பக்கத்துத் தெரு மாவு மிஷினுக்குப் போனவர் மத்தியானமாகியும் திரும்பவில்லை. தேடிப் போனேன். மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கோதுமை மூட்டைகளுக்கு நடுவில், பெஞ்சில், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தலை, புருவம், சட்டை எல்லாம் மாவு.

"எழுப்பாதீங்கக்கா. வந்து உக்காந்த உடனே சாஞ்சுட்டாரு" என்றார் மிஷின்காரர்.

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஜனங்கள் வருவதும் அரைத்துக்கொண்டு போவதுமாக இருந்தார்கள். வெயில் விழுந்த இடத்தில் மாவு புகை மாதிரி மிதந்தது. அதன் பிறகு இரண்டு மாதம் தினமும் அங்கேதான் போய்த் தூங்கினார். அடுத்த வருஷம் மறுபடியும் கப்பலேறினார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.