அப்புறம் என்று சொன்ன விரல்

எங்கள் மலையில் வாய்க்கு வேலை குறைவு. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் காற்று பேச்சைப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குக் கையால்தான் பேசுவார்கள். மேலுதட்டில் இரண்டு விரலை இழுத்தால் கங்காணி வருகிறார். மீசை இல்லாத கங்காணிக்கும் அதே சைகைதான். கெண்டைக்காலைத் தட்டினால் அட்டை கடிக்கிறது. உள்ளங்கையைக் கீழே காட்டி விரல்களை மடக்கினால் வா. ஆள்காட்டி விரலை முன்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினால், அப்புறம் வருகிறேன்.

அந்தக் கடைசிச் சைகைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூடுபனிக்குள் இருந்து கூப்பிடுகிற கைக்கு, முகம் தெரியும்வரை 'அப்புறம்' காட்டக் கூடாது. கையை விரித்து 'இல்லை' என்று சொல்லலாம். பார்க்காத மாதிரி குனிந்து கொழுந்தைப் பறிக்கலாம். 'அப்புறம்' என்பது வாக்கு, கொடுத்தால் போயே ஆக வேண்டும் என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நாலு எழுத்துப் படித்த திமிர் என்று அம்மா சொல்வாள். இருக்கலாம்.

பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் பொறுப்பு. அன்றைக்கு நான் மலை ஏறி முடிப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. எதிர்ச் சரிவில் ஒரு பழைய லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, உண்டு. அந்தச் சரிவில் வெடிப்பு விழுந்ததும் அங்கிருந்த குடும்பங்களைக் கீழே குடியேற்றிவிட்டார்கள். அதன்பிறகு அங்கே யாரும் போவதில்லை. பனி கொஞ்சம் விலகியபோது அந்த லயத்து வாசலில் ஒரு கை தெரிந்தது. ஆள் தெரியவில்லை. கை மட்டும், அவசரமே இல்லாமல், விரல்களை மடக்கி விரித்து, மடக்கி விரித்து, வா என்றது.

அம்மாவை விட்டால் என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்? ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறுவதை நினைத்தாலே எரிச்சலாக இருந்தது. விரலைச் சுற்றிக் காட்டினேன். உடனே அந்தக் கை நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கிப் பனிக்குள் போய்விட்டது.

"யாருக்குப் புள்ள கை காட்டுற?"

அம்மா கூடையோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"பழைய லயத்துல இருந்து கூப்புட்டாங்க. நீதான்னு நெனச்சேம்மா."

"என்னா சொன்ன?"

"அப்புறம் வாரேன்னு."

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"யாராச்சும் கூரைத் தகரம் கழட்ட வந்திருப்பாங்கம்மா," என்றேன்.

"தகரம் கழட்ட வந்தவன் ஒன்ன எதுக்குக் கூப்புடுறான்?"

கூடையை இறக்கி வைத்துவிட்டு, சரிவின் ஓரத்துக்குப் போய் எதிர்ப் பக்கத்தைப் பார்த்து நின்றாள். என்னைச் சுட்டிக் காட்டினாள். கையை விரித்து ஆட்டினாள்: இவள் இல்லை. பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, விரலைச் சுற்றிக் காட்டினாள். நான் அவளைப் பிடித்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதிலுக்கு அங்கே என்ன தெரிந்தது என்று நான் பார்க்கவில்லை. அம்மா என் கண்களைப் பொத்திவிட்டாள். நான் அவளைவிட உயரம், எட்டித்தான் பொத்தினாள். அவள் சரி என்று யாருக்கோ தலையாட்டியது அந்தக் கை வழியாக எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன். பைத்தியக்காரத்தனம் என்றேன். பயப்படுவதைவிடக் கோபப்படுவது சுலபமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பேச்சு போய்விட்டது, இடது பக்கமும் போய்விட்டது. மிஞ்சிய வலது கையால் தண்ணீர் கேட்டாள், தலையணையைச் சரி செய்யச் சொன்னாள், நான் சாப்பிட்டேனா என்றும் கேட்டாள். மலைக்காரிக்குப் பேச ஒரு கை போதும், தேறிவிடுவாள் என்று நம்பினேன்.

ஒரு பின்னேரம் ஜன்னலுக்கு வெளியே மலையெல்லாம் பனி மூடிவிட்டது. அம்மா என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தாள். அவள் கை எழுந்து நெஞ்சைத் தொட்டது. விரல் சுற்றவில்லை. கை மட்டும் ஜன்னல் பக்கமாக நீண்டது. இதோ வருகிறேன் என்பதற்கு எங்கள் மலையில் அப்படித்தான் காட்டுவார்கள்.

அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது.

"இல்லேன்னு சொல்லும்மா. வாக்குக் குடுத்தது நான், நானே சொல்லிக்கிறேன்," என்று ஜன்னல் பக்கம் திரும்பப் போனேன்.

எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, கையை உருவிக்கொண்டாள். நான் கட்டிலில் குனிந்திருந்ததால் இந்த முறை எட்ட வேண்டியிருக்கவில்லை. என் கண்களைப் பொத்தினாள். பிறகு, சரி என்று தலையாட்டினாள்.