பதினேழு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் சொந்த இங்கிலீஷும்

இங்கிலீஷ் டீச்சர் வேலை என்றால் வேறொன்றுமில்லை, ஒரே பசுமாட்டை வருஷம் முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பது. எந்த நோட்டைப் பிரித்தாலும் அதே பசு, அதே நாலு கால், அதே 'பசு ஒரு சாதுவான பிராணி'. கட்டுரை நோட்டுத் திருத்தியே கண்ணாடி போட்டுக்கொண்ட சக பாவிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் 'இதெல்லாம் ஒரு கஷ்டமா?' என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் வீட்டுக்கு நாற்பது நோட்டைக் கட்டி அனுப்ப வேண்டும்.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று படித்து முடித்தால் நீங்களே சொல்வீர்கள், நான் செய்தது சரி என்று.

மண்டியில் பார்த்த கெட்டிக்காரன்

முந்தின வருஷம் எங்கள் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கிய பையனைக் கடைத்தெருவில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், பார்த்தேன். மூட்டைக்குத் தராசு பிடித்துக்கொண்டிருந்தான். பி.யூ.சி. சேர்ந்தவன் இங்கே என்ன செய்கிறான்? "என்னடா, லீவா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். காலேஜில் எல்லாப் பாடமும் இங்கிலீஷில் நடந்ததாம். மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டான். "கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கறப்போ நானும் சிரிச்சேன் டீச்சர். எதுக்குன்னுதான் தெரியல" என்றான்.

 அவனுக்கு இங்கிலீஷில் நல்ல மார்க் போட்டவளே நான்தானே! அப்படியே நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு ஸ்பெஷல் இங்கிலீஷ் வகுப்பு வேண்டும், பள்ளி விட்ட பிறகு நானே எடுக்கிறேன் என்று நின்றேன். அவர் மேஜையிலிருந்த காலண்டரைப் புரட்டினார். பிறகு சொன்னார்: "பிப்ரவரியில கல்வி அதிகாரி டி.இ.ஓ. இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றார். அவர் குடுக்கிற தலைப்புல உங்க பிள்ளைங்க ஆளுக்கு ஒரு பக்கம் சொந்தமா எழுதணும். எழுதலைன்னா அன்னிக்கோட கிளாஸை மூடிடுவேன். தையல் டீச்சர் இடம் காலியாத்தான் இருக்குது. உங்களுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியும் இல்லம்மா?"

முதல் நாள்

பதினேழு பேர் வந்தார்கள். எதிர்பார்ப்புகளை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வாரம் ஒரு கட்டுரை. மாதம் ஒரு புத்தகம் படித்துவிட்டு வகுப்பின் முன்னால் நின்று அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். திருத்திக் கொடுத்ததை மறுபடி எழுதி வர வேண்டும். கடையில் விற்கும் நோட்ஸ் என் கண்ணில் படக்கூடாது, பட்டால் கிழித்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் மனப்பாடம் செய்யக்கூடாது.

முதல் நாலுக்கும் தலையாட்டினார்கள். ஐந்தாவதைப் படித்ததும் வகுப்பே இடிந்துபோய் உட்கார்ந்தது. வல்லத்திலிருந்து சைக்கிளில் வரும் கோவிந்தன் எழுந்தான். குடியானவர் வீட்டுப் பிள்ளை, வாய்த் துடுக்கு அதிகம். "மனப்பாடம் பண்ணக் கூடாதுன்னா, பின்ன இன்னாத்த டீச்சர் படிக்கிறது?" என்றான்.

பதினேழு ரோஜாத் தோட்டங்கள்

'எங்கள் வீடு' என்று முதல் கட்டுரை கொடுத்தேன். திங்கட்கிழமை பதினேழு நோட்டு வந்தது. பதினேழு வீட்டிலும் முன்பக்கம் ரோஜாத் தோட்டம், பின்பக்கம் மாமரம், மாலையில் அப்பா ஈஸிச்சேரில் சாய்ந்து பேப்பர் படிக்கிறார்! எல்லாம் ஒரே நோட்ஸ். எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. "வல்லத்துல யார் வீட்டுலடா ரோஜாத் தோட்டம்? கோவிந்தா, எழுந்திரு! உங்க வீட்டு வாசல்ல என்ன இருக்குது?" என்று கத்தினேன். கோவிந்தன் கொஞ்சமும் பயப்படாமல் கேட்டான்: "ஆடு கட்டியிருக்குது டீச்சர். அதை எழுதினா மார்க் போடுவீங்களா?"

பொழுது சாயும் முன்

பத்மாவதி என்று ஒரு பெண். பதினேழு பேரில் கையெழுத்தும் புத்தியும் அவளுக்குத்தான் முதல். ஜைனக் குடும்பம், அப்பா கடைத்தெருவில் நெல் வியாபாரம். ஒரு நாள் அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். பெண்ணை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டி, சண்டைக்குத் தயாராகச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். மனிதர் கைகூப்பினார். "டீச்சரம்மா, பொழுது சாஞ்சா எங்க வூட்டுல யாரும் சாப்பிட மாட்டோம். உங்க கிளாஸு ஆறு மணிக்கு முடியுது. பதினைஞ்சு நாளா என் பொண்ணு ராவுக்குப் பட்டினியாத்தான் படுக்குது" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. செஞ்சியில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு இது தெரியாமல் போயிற்றே! மறுநாளே வகுப்பைக் காலை ஏழரைக்கு மாற்றினேன். கோவிந்தன் கூட்டம் முணுமுணுத்தது. அவள் பதினைந்து நாள் பட்டினி கிடந்ததைச் சொன்னேன், அடுத்த நாள் முதலில் வந்து நின்றதே அவர்கள்தான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பத்மாவதி ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கடைத்தெருவில் பார்த்தபோது அவள் அப்பாவிடம் கேட்டேன். "நானும் அதைத்தான் கேட்டேன் டீச்சரம்மா. 'சாப்பாடு நாளைக்கும் இருக்கும் நைனா, கிளாஸு நாளைக்கு இருக்குமோ இருக்காதோ'ன்னு சொல்லுது" என்றார்.

எல்லோருக்கும் காய்ச்சல்

லீவ் லெட்டர் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வாசகம்தான் தெரியும்: 'நான் காய்ச்சலால் அவதிப்படுவதால்'. அக்கா கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், மல்லாட்டை பிடுங்கப் போனாலும் காய்ச்சல். ஸ்பெஷல் வகுப்பில் அதையும் ஒழித்தேன். என்ன காரணமோ அதை அப்படியே இங்கிலீஷில் எழுத வேண்டும், கூட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம் என்றேன்.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் ஹெட்மாஸ்டர் மேஜையில் ஐந்து லெட்டர்கள். 'மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு வந்த மாமா குடும்பம் ஸ்பெஷல் பஸ்ஸைத் தவறவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. எட்டுப் பேர். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாது' என்று ஒன்று. 'என் ஒரே சட்டை துவைத்தது காயவில்லை' என்று ஒன்று. 'எங்கள் மாடு கன்று போடப் போகிறது, நான் பார்க்க ஆசைப்படுகிறேன்' என்று கோவிந்தன். என்ன அழகான இங்கிலீஷ்! சொந்த இங்கிலீஷ்! எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஹெட்மாஸ்டருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, வேறு காரணத்துக்காக. "என்னம்மா இது? இந்தப் பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் அத்தனை பேரும் காய்ச்சல்லதான் லீவு எடுத்திருக்காங்க. திடீர்னு எல்லாரும் உண்மையைச் சொன்னா நான் எப்படிம்மா லீவு குடுக்கிறது?" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த மாடுகள்

வகுப்பின் முன்னால் நின்று கதை சொல்வதற்குக் கோவிந்தன் நடுங்கினான். அத்தனை துடுக்கும் இங்கிலீஷ் என்றதும் எங்கேயோ போய்விடும். "யாராவது எதிர்ல இருக்கிற மாதிரி வெச்சி, வீட்டுல சத்தமா சொல்லிப் பாருடா" என்று சொல்லி அனுப்பினேன். அவன் தேர்ந்தெடுத்தது கிணற்றடியில் தண்ணீர்ச் சாலைக் கட்டிக் கவலை இழுக்கும் இரண்டு மாடுகளை. விடியற்காலையில் தண்ணீர் இறைக்கும்போது அதுகளுக்கு முன்னால் நின்று முழுக்கதையையும் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான்.

பத்து நாள் கழித்து வகுப்பில் நின்றான். ஐந்து நிமிஷம், ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. பதினாறு பேரும் பெஞ்சைத் தட்டினார்கள், நானும் மேஜையைத் தட்டினேன். இனி டி.இ.ஓ. வரட்டும், அவர் தாத்தாவும் வரட்டும் என்று எனக்கு ஒரு தெம்பு வந்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவன் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, அவன் இங்கிலீஷ் ஆரம்பிச்சான்னா மாடு ரெண்டும் நின்னு கேக்குது. தண்ணி ஏறமாட்டேங்குது. ஒண்ணு அவனை நிறுத்தச் சொல்லுங்க, இல்லாட்டி நடந்துக்கினே கேக்கச் சொல்லி மாட்டுக்குச் சொல்லிக்குடுங்க" என்றார்.

இன்ஸ்பெக்ஷன்

பிப்ரவரி வந்தது. இன்ஸ்பெக்ஷன் என்றால் ஒரு பள்ளிக்கூடம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு. சுவர்களில் யாரும் பார்த்திராத தேசப் படங்கள். பக்கத்து ஆபீஸிலிருந்து வண்டியில் ஏற்றிவந்த குரோட்டன்ஸ் தொட்டிகள். வருஷம் பூராவும் பூட்டிக் கிடக்கும் பெண்கள் கக்கூஸின் பூட்டைக்கூட ஹெட்மாஸ்டரே எண்ணெய் விட்டுத் திறந்தார்.

டி.இ.ஓ. ஒல்லியான மனிதர், சிரிக்காத முகம். எங்கள் வகுப்புக்கு வந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "நீங்க எதெல்லாம் தயார் பண்ணி வெச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். செஞ்சிக் கோட்டை வேணாம், திருவிழா வேணாம். இன்னிக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்குள்ள வந்ததுலேருந்து கண்ணால என்ன பார்த்தீங்களோ, அதை எழுதுங்க. அரை மணி நேரம்" என்றார். பதினேழு பேனாவும் உடனே ஓடத் தொடங்கின. ஒருவன்கூட மோட்டுவளையைப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே அந்தக் குரோட்டன்ஸ் தொட்டிகள். ஐயோ! பார்த்ததை எழுது, மறைக்காதே என்று வருஷம் முழுக்கத் தொண்டை கிழியச் சொன்னவள் நான். 

கோவிந்தனின் தாளை எடுத்து அவர் சத்தமாகவே படித்தார். 'எங்கள் பள்ளியில் இன்று பூந்தொட்டிகள் இருக்கின்றன. அவை நேற்று மாட்டுவண்டியில் வந்தன. மாலையில் வீட்டுக்குப் போய்விடும். அதற்குள் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.' வாசலில் நின்ற ஹெட்மாஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது பத்மாவதி. 'இந்தப் பள்ளியில் ஆறு வருஷமாகப் படிக்கிறேன். பெண்கள் கக்கூஸின் உள்பக்கத்தை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நாங்கள் பதினோரு வயதிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறோம். இன்று குடித்தேன். தங்கள் வருகைக்கு நன்றி. தயவுசெய்து தினமும் வாருங்கள்.'

 தண்ணீர் குடிக்காமல் இருந்ததை நான் கவனித்ததே இல்லை, ஒரு பெண்ணாக இருந்தும். அவமானமாக இருந்தது. டி.இ.ஓ. என்னைப் பார்த்து, "இது நீங்க சொல்லிக்குடுத்து எழுதினதா?" என்றார்.  நான் 'இல்லை' என்றால் யார் நம்புவார்? அப்போதுதான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் முன்னால் வந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அழாத குறையாகச் சொன்னார்: "சத்தியமா யாரும் சொல்லிக்குடுக்கல சார். சொல்லிக்குடுத்திருந்தா இதையா சார் எழுதியிருப்பாங்க?"

அதுவரை சிரிக்காத மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி பதினைந்து தாளையும் நின்றபடியே படித்தார். எல்லாம் ஒரு பக்கம், எல்லாம் சொந்தம், ஒன்றைப் போல ஒன்று இல்லை. பிறகு கக்கூஸ் சாவியைக் கொண்டுவரச் சொல்லி, அதை வாங்கிப் பத்மாவதியின் கையில் வைத்துவிட்டு ஹெட்மாஸ்டரிடம் திரும்பினார். "அடுத்த வருஷம் முப்பது பேரைச் சேருங்க. இந்தக் கிளாஸையும் மூடக்கூடாது, அந்தக் கதவையும் மூடக்கூடாது" என்றார்.

ஆக, ஒரு வருஷம் தொண்டை வறளக் கத்தியதில் செஞ்சிக்கு நான் வாங்கித் தந்தது சொந்தமாக ஒரு பக்கம் எழுதத் தெரிந்த பதினேழு பேரையும் பூட்டாத ஒரு கதவையும்தான், இரண்டில் எது பெரிசு என்று எங்கள் பெண் பிள்ளைகளைக் கேட்டால் இங்கிலீஷுக்கு இரண்டாவது இடம்தான் கிடைக்கும்.